அடிபட்ட பறவையைக் கொண்டுபோய்க் கொடுத்தால் இதுதானா கதி?

மடிப்பாக்கம் | 12 மே 2024, இரவு 9.40

பட்டம் விடுகிற மாஞ்சா நூலில் இறக்கை அறுபட்ட பருந்து. போன ஞாயிறு மதியம் நகரத்து மீட்பு மையம் ஒன்றில் ஒப்படைத்தேன். காவலாளி பெட்டியை வாங்கினார், நோட்டில் பெயர் எழுதச் சொன்னார், முடிந்தது. மூன்று நாள் கழித்து போன் போட்டால் "அது முடிஞ்சிடுச்சு சார்". தோண்டித் துருவிக் கேட்டதில், வந்த அன்று சாயங்காலமே கருணைக்கொலை ஊசி போட்டுவிட்டார்களாம். போன மாதம் காக்கைக் குஞ்சு ஒன்றை "எடுத்த இடத்துலயே விட்டுடுங்க" என்று திருப்பி அனுப்பியதும் இதே இடம்தான். இதற்கு எதற்கு மீட்பு மையம்? வீட்டிலேயே மஞ்சள் பத்து போட்டு வைத்திருந்தால் பிழைத்திருக்காதா?


பெட்டிவாங்கி | 12 மே, இரவு 11.15

பிழைத்திருக்காது.

முதலில் மஞ்சள். பறவைக்கு அடிபட்ட இடம் இரண்டு மூன்று நாளில் பச்சையாக மாறும். நமக்குக் கன்றிப்போன இடம் நீலம், மஞ்சள் என்று மாறுகிற மாதிரி, அதற்குப் பச்சை. அந்தப் பச்சையை வைத்துத்தான் காயம் எத்தனை நாள் பழையது என்று மருத்துவர் கணிப்பார். கறுத்துக் காய்ந்த சதை என்றால் செத்த சதை. மஞ்சளை அப்பிவிட்டால் பச்சையும் தெரியாது, கறுப்பும் தெரியாது. தேங்காயெண்ணெயில் குழைத்துப் போட்டிருந்தால் இன்னும் மோசம்: இறகு ஒட்டிப்போய் மழையும் தாங்காது, குளிரும் தாங்காது. காயத்தைப் பார்ப்பதற்கு முன்னால் மஞ்சளைக் கழுவ வேண்டும். அந்தக் கழுவலிலேயே பாதி உயிர் போய்விடும்.

இனி பருந்து. மாஞ்சா கத்தி மாதிரி ஒரே வெட்டில் வெட்டுவதில்லை. மாட்டிய பறவை துடிக்கத் துடிக்க, ரம்பம் மாதிரி அறுத்துக்கொண்டே போகும். தோளிலிருந்து மணிக்கட்டு வரை இறக்கையின் முன்பக்கத்தில் ஒரு சவ்வு இருக்கிறது, அதன் விளிம்பில் ஒரு நரம்பு மாதிரித் தசைநாண் ஓடுகிறது. காற்றைக் கிழிக்கிற முன்விளிம்பு அதுதான். அது அறுந்தால் தோல் ஆறினாலும் இறக்கை முழுசாக விரியாது. வட்டமடித்து இரை தேடுகிற பறவைக்கு முக்கால் இறக்கை என்று ஒன்று கிடையாது. மேஜையில் விரித்துப் பார்த்த ஐந்தாவது நிமிடமே இது தெரிந்துவிடும். பறக்க முடியாத பருந்தை ஆயுளுக்கும் வைத்துக்கொள்ள எந்த மையத்திலும் கூண்டு மிச்சமில்லை. அன்று சாயங்காலமே ஊசி போட்டது சோம்பேறித்தனம் என்று நான் நினைக்கவில்லை. மூன்று வாரம் கட்டுப் போட்டு, பயத்திலேயே வைத்திருந்து, கடைசியில் அதே ஊசியைப் போடுவதுதான் கொடுமை.

உங்களிடம் சொல்லாதது தப்பு. அதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன்.


பெட்டிவாங்கி | 13 மே, காலை 7.05

நேற்று விட்டுப்போனது. கொடுக்கும்போதே பதிவேட்டு எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். பெயர் சொல்லி, தேதி சொல்லிக் கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. ஒரே நாளில் நாலு பருந்து வந்திருக்கும். மருத்துவர் எத்தனை மணிக்கு முதல் முறை பார்ப்பார், எந்த நேரத்தில் போன் செய்யலாம், இரண்டையும் அங்கேயே கேளுங்கள். போனில் "பிழைக்குமா?" என்று கேட்டால் "பாக்கலாம் சார்" என்றுதான் பதில் வரும். "எந்த எலும்பு, மூட்டுக்கு எவ்வளவு பக்கத்தில்?" என்று கேட்டுப் பாருங்கள். விவரம் தெரிந்தவரைத் தேடி போன் கைமாறும்.


ஊசிக்காரர் | 13 மே, மதியம் 2.30

மேலே சொன்னதில் ஒரு திருத்தம். தசைநாண் அறுந்தால் எல்லாமே முடிந்தது என்றில்லை. வெட்டு ஈரமாக, புதிதாக இருக்கும்போது, சில மணி நேரத்துக்குள் வந்தால் தைக்கலாம், பறந்துபோனவை உண்டு. இரவு முழுக்க மரத்தில் தலைகீழாகத் தொங்கி, விளிம்பு காய்ந்து சுருங்கி வருவதைத் தைக்க எதுவும் இருக்காது. எலும்பு வெளியே தெரிந்தாலும் இதே கணக்கு: வெள்ளையும் ஈரமுமாக இருந்தால் வழி உண்டு, பழுப்பாகக் காய்ந்திருந்தால் இல்லை.

"இறக்கை ஒடிஞ்சிருக்கு" என்பது ஒரே நோய் அல்ல. முன்கையில் இரண்டு எலும்புகள். ஒன்று ஒடிந்து மற்றொன்று முழுசாக இருந்தால், முழு எலும்பே தப்பைக்கட்டை மாதிரித் தாங்கிக்கொள்ளும். கட்டுப் போட்டாலே கூடும். தோளுக்கும் முழங்கைக்கும் நடுவிலுள்ள மேற்கை எலும்பு நடுவில் ஒடிந்தால் உள்ளே கம்பி வைத்தாக வேண்டும். கண்ணாடியில் மோதிய பறவைக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்திருக்கும். அதற்கு அறுவை வேண்டாம், சின்னக் கூண்டில் இரண்டு மூன்று வாரம் அசையாமல் வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். மூட்டிலோ மூட்டை ஒட்டியோ உடைந்தால்தான் கைவிடுகிறோம். பறவை எலும்பு மூன்று வாரத்தில் கூடிவிடும், நம்மைவிட வேகம். வினையே அந்த வேகத்தில்தான் இருக்கிறது: கோணலாக இருந்தால் கோணலாகவே கூடிவிடும். ஐந்து நாள் வீட்டில் வைத்திருந்து பிறகு கொண்டுவந்தால் மறுபடி உடைக்க முடியாது.


மடிப்பாக்கம் | 13 மே, இரவு 8.50

எங்களுக்குக் கிடைத்தது சனிக்கிழமை சாயங்காலம். இரவு முழுக்கக் கிளிக்கூண்டில் வைத்திருந்தோம். பால்சோறு வைத்தோம், சாப்பிடவில்லை. மருந்துக்கடை சிரிஞ்சில் தண்ணீர் கொடுத்தோம். தப்பா?


பெட்டிவாங்கி | 14 மே, காலை 6.20

கெட்ட மனசோடு யாரும் செய்வதில்லை. ஆனால் மூன்றுமே தப்பு. வரிசையாகச் சொல்கிறேன்.

தண்ணீர். பறவை வாயைத் திறந்து பாருங்கள்: நாக்கின் வேர்ப்பக்கத்திலேயே ஒரு சின்னப் பிளவு திறந்து மூடும். அதுதான் மூச்சுக்குழல் வாய். சிரிஞ்சில் பீய்ச்சினால் தண்ணீர் நேராக அதற்குள். அரை மில்லி போனாலும் சளி கட்டி இரண்டு நாளில் போய்விடும். பேரேட்டில் "இறந்தது, காரணம் காயம்" என்று ஏறும். உடம்பு வற்றியிருந்தால் மையத்தில் தோலுக்கடியில் சலைன் ஏற்றுவார்கள், ஒரு வேளைக்கு உடல் எடையில் 5 விழுக்காடு. 700 கிராம் பருந்துக்கு 35 மில்லி. வீட்டில் செய்கிற வேலை இல்லை.

பால். எந்தப் பறவையும் குஞ்சுக்கு மாட்டுப்பால் கொடுத்து வளர்த்ததில்லை. செரிக்காது, கழியும், இருக்கிற நீரும் போகும். செரிலாக், பிஸ்கட், பொட்டுக்கடலை மாவு எல்லாம் இதே வரிசை. பட்டினி கிடந்த பறவைக்கு நல்ல தீனி கொடுத்தால்கூட ஆபத்து. முதலில் நீர், பிறகுதான் இரை. ஒரு இரவு பட்டினியில் பருந்து சாகாது.

கூண்டு. கம்பிக்கூண்டில் பயந்து அடித்துக்கொள்ளும். வால் இறகும் இறக்கை நுனி இறகும் கம்பியில் சிக்கி முறியும். முறிந்த இறகு வளராது. அது உதிர்ந்து புதுசு முளைக்கும்வரை காத்திருக்க வேண்டும். எலும்பு மூன்று வாரத்தில் கூடிய பறவை, இறகுக்காக ஆறு மாதம் மையத்தில் கிடப்பது இதனால்தான்.

வேண்டியது ஒரு அட்டைப்பெட்டி. சிட்டுக்குருவி, தையல்சிட்டுக்குச் செருப்புப் பெட்டி. மைனா, குயிலுக்கு அதைவிட ஒரு மடங்கு பெரியது. பருந்து, கூகைக்கு மிக்சிப் பெட்டி. பறவை நிற்க முடியணும், இறக்கை விரிக்க முடியக் கூடாது. ஓட்டையைப் பறவையை உள்ளே வைப்பதற்கு முன்னால், உள்ளிருந்து வெளியே குத்துங்கள், பிசிறு வெளிப்பக்கம் இருக்கட்டும். பென்சில் கனத்தில் ஒரு பக்கத்துக்கு நாலைந்து போதும். கீழே துண்டு. மூடி. டேப். நாய், டிவி, குழந்தைகள் இல்லாத அறை. அரை மணிக்கு ஒருமுறை திறந்து பார்க்காதீர்கள். போட்டோ எடுக்காதீர்கள்.

நூல் சுற்றியிருந்தால் அவிழ்க்க வேண்டாம். இருபுறமும் நாலு விரல் விட்டு நறுக்கி, சதையில் பதிந்த நூலோடே கொண்டுவாருங்கள். உயர மரத்தில் தொங்கினால் தீயணைப்புத் துறைதான். கீழிருந்து நூலை இழுத்தால் இறக்கை கையோடு வரும்.

பிடிக்கிற முறைக்கு ஒரு வரி: பருந்துக்கும் கூகைக்கும் ஆயுதம் கால், மூக்கு அல்ல. மடையானும் கொக்கும் நேர் எதிர். நேராகக் கண்ணைப் பார்த்துக் குத்தும், தலையை முதலில் பிடிக்க வேண்டும். கிளி, எதைக் கொடுத்தாலும் கடிக்கும். எதுவானாலும் நெஞ்சை அழுத்தாதீர்கள். பறவைக்கு உதரவிதானம் கிடையாது, நெஞ்செலும்பு ஏறி இறங்கினால்தான் மூச்சு.


பெட்டிவாங்கி | 15 மே, காலை 9.00

திருத்தம். "துண்டு" என்றேன். டர்க்கி டவல் வேண்டாம், அந்த நூல் வளையத்தில் நகம் சிக்கும். பழைய வேட்டி அல்லது பனியன் துணி.

வெந்நீர் பாட்டில் வைக்கணுமா என்று தனிச்செய்தியில் கேட்டிருந்தார்கள். இறகு முளைக்காத குஞ்சுக்கும் மார்கழி இரவுக்கும் சரி. அப்போதும் பெட்டிக்கு வெளியே, ஒரு பக்கம் மட்டும், சூடு தாங்காவிட்டால் மறுபக்கம் நகர இடம் விட்டு. இது அக்னி நட்சத்திரம். வாயைப் பிளந்து மூச்சு வாங்குகிற பறவைக்கு வெந்நீர் பாட்டில் வைத்தால் அவியல்தான்.


புறாமாடம் | 18 மே, இரவு 10.10

ராயபுரத்துக்காரன். மொட்டைமாடியில் கர்ணப்புறாவும் ஹோமர் பந்தயப்புறாவும் வளர்க்கிற பரம்பரை. பருந்துக்கு இத்தனை பேச்சு. புறாவைக் கொண்டுபோனால் கேட்டைக்கூடத் திறக்கிறதில்லையே, அது பறவை இல்லையா?


பெட்டிவாங்கி | 19 மே, காலை 6.45

அண்ணே, இரண்டு காரணம், ஒன்று சட்டம், ஒன்று நோய்.

1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் பழைய பாதுகாப்பு அட்டவணையில் புறா இனங்களைச் சேர்த்தபோதே மாடப்புறாவை மட்டும் விலக்கி எழுதினார்கள். அதனால் வனத்துறை சார்ந்த மையங்களுக்கு அது "நம்ம கேஸ் இல்லை". கால்நடை மருத்துவமனை பார்க்கலாம், சென்னை வேப்பேரியில் பார்ப்பார்கள். காக்கைக்கும் பல வருஷம் இதே கதிதான்: எலியோடு சேர்த்துத் தீங்குயிர் பட்டியலில் இருந்தது. 2022ல் திருத்தி, அந்தப் பட்டியலையே எடுத்துவிட்டார்கள். 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. இன்னும் "காக்கா எல்லாம் எடுக்கறதில்ல" என்று எந்த வாசலிலாவது சொன்னால் பழைய பாடம் ஒப்பிக்கிறார் என்று அர்த்தம்.

நோய்தான் நிஜக் காரணம். கழுத்து முறுக்கி, தலை மேல்கீழாகத் திரும்பி, தானியத்தைக் குறிபார்த்துக் கொத்த முடியாத புறாவை "அடிபட்டது" என்று கொண்டுவருவார்கள். அடி இல்லை. கோழிக்கு வெள்ளைக்கழிச்சல் தருகிற வைரஸின் புறா வகை. அதே அறையில் வைத்தால் பக்கத்துக் கூண்டுகளுக்குப் போகும். வாய்க்குள் மஞ்சளாகத் தயிர்க்கட்டி மாதிரி இருந்தால் இன்னொரு தொற்று. அந்தப் புறாவைத் தின்கிற வல்லூறுக்கும் கூகைக்கும் வரும். தனி அறை இல்லாத மையம் புறாவை மறுப்பது சரியே. அதை வாசலிலேயே காரணத்தோடு சொல்லலாம்.

டெல்லியில் செங்கோட்டைக்கு எதிரே ஜெயின் கோயில் வளாகத்தில் ஒரு பறவை மருத்துவமனை இருக்கிறது. அங்கே புறாவுக்குக் கட்டில் உண்டு. கறி தின்கிற பருந்துக்கு வெளிநோயாளிச் சீட்டு மட்டும். ராயபுரத்துப் புறாவுக்கு டிக்கெட் போட்டுவிடலாம்.


புறாமாடம் | 19 மே, காலை 8.02

கழுத்து முறுக்கினது மாடியில் வந்தா நாங்க உடனே தனிக்கூண்டுல வெச்சு கையால தண்ணி தீனி கொடுப்போம். மூக்கை மட்டும் தண்ணில முக்கினா தானா உறிஞ்சும், சிரிஞ்ச் வேண்டாம். ரெண்டு மூணு வாரம் தாண்டினா தேறும், சிலதுக்குக் கழுத்து ஆட்டம் நிக்காது. தடுப்பூசி போடறவங்க மாடியில வர்றதே குறைவு. இது உங்களுக்குத் தெரியாதா பெட்டிவாங்கி?


பெட்டிவாங்கி | 19 மே, காலை 8.30

தெரியும், எழுதத் தோன்றவில்லை. மூக்கை முக்குவது நல்ல குறிப்பு, ஆனால் புறாவுக்கு மட்டும். அது உறிஞ்சிக் குடிக்கும். மைனா, காக்கை எல்லாம் அலகில் அள்ளித் தலையைத் தூக்கி விழுங்குகிற ஜாதி. அவற்றின் மூக்கை முக்கினால் மூழ்கடிப்பது மாதிரி.


மடிப்பாக்கம் | 1 ஜூன், மாலை 5.15

அந்தக் காக்கைக் குஞ்சுக்கு இன்னும் பதில் வரவில்லை.


பெட்டிவாங்கி | 2 ஜூன், காலை 6.30

முதல் கேள்வி, அது காக்கையா? காலைப் பாருங்கள். முன்னே மூன்று விரல், பின்னே ஒன்று என்றால் காக்கை. முன்னே இரண்டு, பின்னே இரண்டு என்றால் குயில். காக்கைக்குத் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பார்கள். இந்தச் சீசனில் பல கூட்டில் அது தன் குஞ்சே இல்லை.

அடுத்தது இறகு. உடம்பு முழுக்க இறகு மூடி, வால் மட்டும் குட்டையாக, தத்தித் தத்தி நடக்கிறதா? விழவில்லை, கூட்டைவிட்டு இறங்கியிருக்கிறது. சில நாள் தரையிலும் தாழ்ந்த கிளையிலும் இருந்துதான் பறக்கப் பழகும். மேலே இரண்டு காக்கை உங்கள் மண்டையைக் குறிவைத்தால் அப்பா அம்மா வேலையில் இருக்கிறார்கள் என்று பொருள். மையத்தில் "அங்கேயே விடுங்க" என்றது சரியான மருத்துவம். காரணம் சொல்லாமல் சொன்னதால் விரட்டுவது மாதிரி ஆகிவிட்டது. நாயும் பூனையும் இருந்தால் பக்கத்து மதில் மேலோ கிளையிலோ ஏற்றி வையுங்கள். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது கதை.

இறகில்லாமல் ரோஸ் நிறத்தில் இருந்தால் நிஜமாகவே விழுந்தது. கூடு எட்டினால் திரும்ப வையுங்கள். எட்டாவிட்டால் அடியில் ஓட்டை போட்ட சின்னக் கூடையைத் தேங்காய் நாரோடு அதே மரத்தில் கட்டி, ஒன்றிரண்டு மணி நேரம் தூரத்திலிருந்து பாருங்கள். மைனா, காக்கை வரும். தாய் வரவே இல்லை என்றால்தான் மையம். புழு பூச்சி தின்கிற குஞ்சுக்குப் பொழுது விடிந்ததிலிருந்து இருட்டும்வரை அரை மணிக்கு ஒரு வாய் வேண்டும்; ஆபீசுக்குப் போகிற வீட்டில் நடக்காது. கூகைக் குஞ்சுக்கு எலும்பில்லாத கோழிக்கறி மட்டும் போட்டு வளர்த்தால் கால் வில்லாக வளைந்துவிடும், அதற்கு முழு எலி வேண்டும்.

பூனை கவ்வியது என்றால் மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. காயமே தெரியாவிட்டாலும் அன்றே ஆன்டிபயாட்டிக் வேண்டும். பூனைப் பல் ஊசி மாதிரி, ஓட்டை தெரியாது, கிருமி ரத்தத்துக்குப் போயிருக்கும்.


ஊசிக்காரர் | 9 ஜூன், இரவு 11.40

பெட்டிவாங்கி மையங்களை ரொம்பத் தாங்குகிறார். மறுபக்கமும் எழுதட்டும் என்று பார்த்தேன், எழுதவில்லை.

நாய் வார்டுக்குப் பக்கத்தில் பறவைக் கூண்டு. குரைப்புச் சத்தத்திலேயே சின்னப் பறவை போய்விடும். இறக்கைக் கட்டை மூன்று வாரம் அவிழ்க்காமல் விடுவது: எலும்பு கூடியிருக்கும், முன்சவ்வு சுருங்கி மூட்டு இறுகியிருக்கும், இறக்கை இனி விரியாது. கட்டை நாலைந்து நாளுக்கு ஒருமுறை அவிழ்த்து, தேவைப்பட்டால் மயக்கத்தில், மெதுவாக நீட்டி மடக்கிவிட வேண்டும். பறந்து பழகப் பெரிய கூண்டு இல்லாமல், கையில் இறக்கையடித்ததைப் பார்த்து "ஃபிட்" என்று மாடியிலிருந்து விடுவது. அரை கிலோமீட்டரில் இறங்கிக் காக்கைகளிடம் மாட்டும். கையால் ஊட்டி வளர்த்த கூகைக் குஞ்சை மனிதனைக் கண்டால் வாய் திறக்கிற அளவுக்குப் பழக்கிவிட்டு விடுவது.

வலி மருந்தும் கேட்க வேண்டும். மாட்டுக்குப் போடுகிற பழக்கத்தில் பருந்துக்கும் எதையாவது போட்டுவிடுவார்கள். டைக்ளோஃபெனாக் பிணந்தின்னிக் கழுகுகளின் சிறுநீரகத்தை அழித்தது. கால்நடைக்கு அதை 2006லேயே தடை செய்தாயிற்று. கீட்டோப்ரொஃபெனும் அசிக்ளோஃபெனாக்கும் 2023ல் தடை. போடுவது கழுகைக் கொல்லாத வலி மருந்தான மெலாக்சிகாம்தானா என்று தயங்காமல் கேளுங்கள். நல்ல மருத்துவர் கோபப்பட மாட்டார்.


பெட்டிவாங்கி | 10 ஜூன், காலை 6.10

ஒப்புக்கொள்கிறேன், கட்டு விஷயம் உட்பட. நாய் வார்டு விஷயத்தில் இடம் இல்லை என்பது பதிலே அல்ல. பெட்டி மீது ஒரு கறுப்புத் துணி போடலாம்.

ஒன்று சேர்க்கிறேன். "அப்போ நானே வைத்துக்கொள்கிறேன்" என்று முடிவெடுப்பவர்களுக்கு: காட்டுப்பறவை அரசின் சொத்து. சட்டத்தின் 39ஆம் பிரிவுப்படி, கையில் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்துக்கோ வன அலுவலருக்கோ தகவல் சொல்லியாக வேண்டும். சென்னையில் கிண்டி வனத்துறை. பச்சைக்கிளிக்கும் இதுதான் சட்டம், பாட்டி முப்பது வருஷமாக வளர்த்தாலும் சரி. 1962க்குப் போன் செய்தால் வருவது ஆடு மாட்டுக்கான ஆம்புலன்ஸ்.

மாஞ்சாவுக்கும் சட்டம் இருக்கிறது. நைலான் நூலைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017லேயே நாடு முழுக்கத் தடை செய்தது. லீவு விட்டதும் எங்கள் வாசலில் பெட்டிகளின் வரிசையைப் பார்த்தால் அப்படித் தோன்றாது.


மடிப்பாக்கம் | 23 ஜூன், காலை 11.30

அவசரம். புள்ளி ஆந்தைக் குஞ்சு, எலிக்கு வைத்த பசை அட்டையில் ஒட்டிக் கிடக்கிறது.


பெட்டிவாங்கி | 23 ஜூன், காலை 11.34

இழுக்காதீர்கள். ஒட்டாத பசை முழுவதையும் கோதுமை மாவோ டிஷ்யூ பேப்பரோ போட்டு மூடுங்கள், இன்னொரு இறக்கையும் ஒட்டாமல் இருக்க. அட்டையைச் சுற்றி வெட்டிச் சின்னதாக்கி, அட்டையோடு பெட்டிக்குள் வைத்து உடனே கிளம்புங்கள். வீட்டில் எண்ணெய் ஊற்ற வேண்டாம். ஒட்டிய இடத்துக்கு மட்டும் சமையல் எண்ணெயைத் துளித்துளியாக அங்கே தடவி எடுத்து, பிறகு பாத்திரம் தேய்க்கும் சோப்பு நீரில் கழுவுவார்கள். உடம்பு முழுக்க எண்ணெயானால் குளிரில் போய்விடும். பதிவேட்டு எண்!


மடிப்பாக்கம் | 23 ஜூன், மாலை 6.05

எண் 412. வாலில் ஏழு இறகு போச்சாம், வேரோடு பிடுங்கிக்கொண்டு வந்ததால் சீக்கிரம் முளைக்குமாம். இந்த முறை அவர்களே போன் செய்தார்கள்.


பெட்டிவாங்கி | 24 ஜூன், காலை 6.15

ஆமாம், அதுதான் வித்தியாசம்: வேரோடு வந்தால் உடனே முளைக்க ஆரம்பிக்கும், பாதியில் முறிந்தால்தான் அடுத்த உதிர்வுவரை காத்திருக்க வேண்டும். மே 14 குறிப்பில் இதைப் பிரித்து எழுதியிருக்க வேண்டும்.


பெட்டிவாங்கி | 20 அக்டோபர், காலை 6.40

இழையை மறுபடி தூக்குகிறேன், ஆறுமணிக்குருவி வரத் தொடங்கிவிட்டது. தோட்டக்கள்ளன் என்றும் சொல்வார்கள். பச்சை முதுகு, நீலத் தோள், வயிற்றடியில் சிவப்பு, குட்டை வால். வடக்கிலிருந்து ராத்திரியில் பறந்து வந்து, விளக்கு வெளிச்சத்தில் குழம்பி, பால்கனியிலும் லிஃப்ட் ஓரத்திலும் கிடக்கும். வெளிநாட்டுக் கிளி தப்பிவிட்டது என்று தினம் நாலு போன்.

செருப்புப் பெட்டி, இருட்டு, இரண்டு மணி நேரம். பிறகு திறந்து பாருங்கள்: இரண்டு கண்மணியும் ஒரே அளவா, இரண்டு காலிலும் நிற்கிறதா, இறக்கை இரண்டும் ஒரே உயரத்தில் இருக்கிறதா. மூன்றுக்கும் ஆம் என்றால் மையத்துக்கு வர வேண்டாம். காக்கைகள் அடங்கி இருட்டு விழும் நேரத்தில், சருகு கிடக்கும் புதருக்கடியில் பெட்டியைச் சாய்த்துத் திறந்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள். மேலே தூக்கி எறியாதீர்கள்.

ஒன்றுக்காவது இல்லை என்றால் பெட்டியை மூடிக் கொண்டுவாருங்கள். ஏழு மணிக்கு மேல் காவலாளிதான் இருப்பார், கிடைத்த இடத்தையும் நேரத்தையும் மூடி மேலேயே எழுதிவிடுங்கள்.